டைஃபூன், ஹண்டர், அப்புறம் அந்த டாங்கிக் கணக்கு

இந்திய விமானப்படையின் ஹண்டர் போர் விமான ஸ்குவாட்ரனில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு விமானம் எத்தனை டாங்கியை அடிக்கும்?" என்பதைத்தான். நான் விமானி இல்லை, ஆர்மமென்ட் ஃபிட்டர். விமானம் கிளம்பும் முன் துப்பாக்கிக்குத் தோட்டா ஏற்றி, இறக்கைக்கு அடியில் ராக்கெட் மாட்டி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை பார்த்து அனுப்பி வைக்கிற ஆள். இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே கவனமாகத் தேடப்பட்ட பதில் ஒன்று உண்டு. அது 1944 ஆகஸ்டில், பிரான்ஸின் நார்மண்டியில், வயல்களுக்குள் நடந்து போய் எரிந்த டாங்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர்கள் எழுதிய பதில். அதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

அதற்கு முன், அந்தக் கணக்கில் வரும் பிரிட்டிஷ் விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹாக்கர் டைஃபூன். இதைத் தரையைத் தாக்குவதற்காக யாரும் வடிவமைக்கவில்லை. ஹரிக்கேன் போர் விமானத்தை உருவாக்கிய சிட்னி காம், அதற்கு அடுத்த தலைமுறையாக, வானத்தில் எதிரியை மடக்குகிற சண்டை விமானமாகத்தான் இதை வரைந்தார். 24 சிலிண்டர் கொண்ட நேப்பியர் சேபர் இன்ஜின், 2,000 குதிரைத்திறனுக்கு மேல். 1941இல் படைக்கு வந்தது. வந்ததுமே தொல்லைதான். இறக்கை தடிமனாக இருந்ததால் உயரே போகப் போக வேகம் எடுபடவில்லை. இன்ஜினிலிருந்து கார்பன் மோனாக்சைடு விமானி உட்காரும் இடத்துக்குள் கசிந்தது. அதனால் இன்ஜின் ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு. அதைவிடக் கொடுமை, பறந்துகொண்டிருக்கும்போதே வால் பகுதி முறிந்து போனது. ஹாக்கர் நிறுவனத்தின் சோதனை விமானி கென்னத் செத்-ஸ்மித் 1942 ஆகஸ்டில் அப்படித்தான் இறந்தார். வால் சேரும் இடத்தைச் சுற்றி உலோகப் பட்டைகளை வைத்து ரிவெட் அடித்துப் பலப்படுத்தினார்கள். அப்போதும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை.

இந்த விமானத்தையே கைவிட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அதைத் தடுத்ததில் ரோலண்ட் பீமண்ட் என்ற இளம் ஸ்குவாட்ரன் தலைவருக்குப் பெரிய பங்கு உண்டு. உயரத்தில் சோம்பலாக இருந்த டைஃபூன், தரையை ஒட்டிப் பறக்கும்போது அசுர வேகம் காட்டியது. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் தாழப் பறந்து வந்து குண்டு போட்டு ஓடிய ஜெர்மன் ஃபாக்கவுல்ஃப் 190 விமானங்களைத் துரத்திப் பிடிக்க அதனால் முடிந்தது. இறக்கையில் நான்கு 20 மி.மீ. கேனன். பீமண்டின் 609ஆம் ஸ்குவாட்ரன், ஜெர்மானியர் கையிலிருந்த பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் இரவில் போய் ரயில் இன்ஜின்களை அடிக்கத் தொடங்கியது. எந்தத் தடிமனான இறக்கை உயரத்தில் பாரமாக இருந்ததோ, அதே இறக்கை கீழே குண்டும் ராக்கெட்டும் சுமக்க வசதியாகிவிட்டது.

லண்டனில் ஹெண்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அந்த விமானத்தைப் பார்த்திருக்கிறேன். 3,300க்கு மேல் செய்தார்கள். இன்றைக்கு முழுசாக மிஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். அது மிஞ்சியதும் போர்க்காலத்தில் சோதனை செய்து பார்க்க அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்ததால்தான். படங்களில் பார்த்து மனதில் வைத்திருந்ததைவிட ரொம்பப் பெரிது. மூக்குக்குக் கீழே தாடை மாதிரி தொங்கும் ரேடியேட்டர் முன்னால் நின்றுவிட்டேன். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் அது வழியாகத்தான் ஓடும். தரையிலிருந்து மேல்நோக்கிச் சுடுகிறவனுக்கு முதலில் தெரிவதும் அதுதான். ஒரு சின்னத் துண்டு பட்டால் போதும், திரவம் வடிந்து இன்ஜின் சில நிமிடங்களில் இறுகிவிடும். அமெரிக்கர்களின் பி-47 தண்டர்போல்ட்டில் இந்தக் கவலை இல்லை. அதன் இன்ஜின் காற்றால் குளிர்வது. ஒரு சிலிண்டர் சிதறிய பிறகும் அது ஓடி விமானியை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த சம்பவங்கள் உண்டு. ஒரே வேலைக்குப் போன இரண்டு விமானங்களில் எதில் உட்கார்ந்திருந்தோம் என்பதே பல பேருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். டைஃபூனின் ராக்கெட்டுக்கு ஆர்.பி.-3 என்று பெயர். 3 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய், அதற்குள் உந்துமருந்து, முனையில் 60 பவுண்டு, அதாவது 27 கிலோ வெடிதலை, பின்னால் நான்கு துடுப்புகள். இறக்கைக்கு நான்கு வீதம் எட்டு ராக்கெட். ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டவாளம். பின்பக்கத்திலிருந்து ஒரு மின்வயர் தொங்கும், அதன் முனையில் ஒரு பிளக். அதைச் செருகிய பிறகுதான் ராக்கெட்டுக்கு உயிர். நாங்கள் வேலை பார்த்த காலத்திலும் அடிப்படை அதேதான். பிளக்கைச் செருகும் முன் வயரில் மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செருகும்போது ராக்கெட்டுக்கு முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் நீட்டிச் செருகுவோம். ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு நொடி நிற்கும். பழகிப்போய் அந்த ஒரு நொடி நிற்காமல் போனவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள யாருக்கும் விருப்பம் இருக்காது.

அந்த ராக்கெட் தண்டவாளத்தை விட்டுக் கிளம்பியதும் அதற்கு வழிகாட்ட யாரும் இல்லை. விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் போகும், போகப் போகத் தாழும். பக்கக் காற்று அடித்தால் விலகும். விமானம் கொஞ்சம் சறுக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சறுக்கலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். விமானி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கீழ்நோக்கிப் பாய்ந்துகொண்டே, காற்று, கோணம், தூரம் மூன்றையும் கண்ணாலேயே மதிப்பிட வேண்டும். கீழிருந்து சுட்டுக்கொண்டிருப்பார்கள். தூரத்தில் விட்டால் குறி தப்பும். கிட்டப் போய் விட்டால் தன் ராக்கெட் கிளப்பும் சிதறலுக்குள்ளேயே பறக்க நேரும்.

எவ்வளவு தப்பும் என்பதை அவர்களே சோதித்துப் பார்த்தார்கள். கைப்பற்றிய ஜெர்மன் பாந்தர் டாங்கி ஒன்றைத் திறந்த வெளியில் நிறுத்தி, நன்றாகத் தெரிவதற்காக வெள்ளை அடித்து வைத்தார்கள். எதிர்ச் சூடு கிடையாது, அவசரம் கிடையாது. டைஃபூன்கள் 64 ராக்கெட் விட்டன. டாங்கியில் பட்டது 3.

இதை மனதில் வைத்துக்கொண்டு, நார்மண்டியில் உள்ள மோர்தான் என்ற ஊருக்குப் போகலாம். 1944 ஆகஸ்ட் 6 இரவு ஜெர்மானியர் தங்களிடம் மிச்சமிருந்த பான்சர், அதாவது டாங்கிப் பிரிவுகளைத் திரட்டி அவ்ராஞ்ச் கடற்கரையை நோக்கிக் கிளம்பினார்கள். அது நடந்திருந்தால் தெற்கே பாய்ந்துவிட்ட அமெரிக்கப் படைகள் துண்டிக்கப்பட்டிருக்கும். வழியில் இருந்த மோர்தானில் அமெரிக்காவின் 30ஆம் காலாட்படைப் பிரிவு நின்றது. 7ஆம் தேதி காலையில் கனத்த மூடுபனி. நண்பகலை ஒட்டிப் பனி விலகியது, டைஃபூன்கள் வந்தன. குறுகிய சாலைகளில், இரு பக்கமும் உயர்ந்த வேலிகளுக்கு நடுவே, டாங்கிகளும் லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. அன்று முழுக்க விமானங்கள் போவதும், திரும்பி வந்து ராக்கெட் ஏற்றிக்கொள்வதும், மறுபடி போவதுமாக இருந்தன. அந்த ஓடுதளங்களில் வேலை பார்த்த ஆர்மரர்களை, என்னைப்போல ஆயுதம் மாட்டுகிறவர்களை, நினைத்துப் பார்க்கிறேன். நார்மண்டியின் அந்த மண் மாவுபோலப் பறந்து இன்ஜினுக்குள் புகுந்து அரித்தது, அதற்காக அவசர அவசரமாகக் காற்று வடிகட்டி செய்து பொருத்தியிருந்தார்கள். அந்தப் புழுதிக்குள் வியர்வையோடு நின்று, எட்டு ராக்கெட், நான்கு பெட்டி தோட்டா, அடுத்த விமானம், அடுத்த விமானம் என்று நாள் முழுக்க. போர் வரலாறுகளில் அவர்களுக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது.

மாலையில் விமானிகள் கொடுத்த கணக்கில் டைஃபூன்கள் மட்டுமே 80 டாங்கிகளுக்கு மேல் அழித்திருந்தன. அமெரிக்க விமானங்களின் கணக்கையும் சேர்த்தால் 100ஐத் தாண்டியது. சில நாள் கழித்து அந்த இடம் நேச நாடுகளின் கைக்கு வந்ததும் பிரிட்டிஷ் ஆய்வுக் குழு ஒன்று நேரில் போய் எண்ணியது. டாங்கிகளும் தானே ஓடும் பீரங்கி வண்டிகளும் சேர்த்து 46தான் கிடந்தன. ஒவ்வொன்றிலும் இருந்த ஓட்டையைப் பார்த்து எது எதனால் என்று பிரித்தார்கள். வானிலிருந்து வந்த ஆயுதத்தால் அழிந்தவை 9. மற்றவற்றில் நிறைய அமெரிக்கத் தரைப்படை அடித்தவை. கணிசமானவை, ஆட்களே விட்டுவிட்டுப் போனவை அல்லது போகும்போது வெடி வைத்துவிட்டுப் போனவை.

விமானிகள் பொய் சொன்னார்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பாய்ந்து இறங்கி, ராக்கெட் விட்டு, வயிற்றில் ரத்தம் இறங்கும் வேகத்தில் மேலே ஏறுகிறவனுக்குத் திரும்பிப் பார்க்க ஓரிரு நொடிதான். புகை தெரியும், தீ தெரியும். எரிந்தது டாங்கியா, பக்கத்தில் நின்ற பெட்ரோல் லாரியா என்று எப்படித் தெரியும்? ஒரே டாங்கியை நான்கு பேர் அடித்து நால்வரும் எழுதியிருப்பார்கள். அந்த எண்ணிக்கையை அப்படியே பத்திரிகைக்குக் கொடுத்தவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். வேலிக்குப் பின்னால் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியோடு படுத்திருந்து, மோர்தானை விட்டுக்கொடுக்காமல் செத்த காலாட்படை வீரர்களின் பங்கை அது தின்றுவிட்டது. அன்றைக்குச் சில டைஃபூன்கள் அந்த அமெரிக்கர்களையே தவறுதலாகத் தாக்கியதும் உண்மை.

அப்படியானால் விமானங்கள் ஒன்றும் செய்யவில்லையா? நிறையச் செய்தன. ஆனால் அது டாங்கிக் கணக்கில் வராது. ஆட்கள் விட்டுவிட்டுப் போன அந்த டாங்கிகளைப் பாருங்கள். ஓடக்கூடிய நிலையில் இருந்த டாங்கியை ஒருவன் ஏன் விட்டுவிட்டு ஓடுகிறான்? உள்ளே இருப்பவனுக்கு 64இல் 3 என்ற கணக்கு தெரியாது. அவனுக்குத் தெரிந்தது தலைக்கு மேல் அந்த இரைச்சல், பக்கத்தில் 27 கிலோ வெடிதலை வெடிக்கும் அதிர்ச்சி, முன்னால் போன லாரி எரிவது. டாங்கிக்கு வந்த பெட்ரோலும் தோட்டாவும் அந்த லாரியில்தான் இருந்தன. லாரிக்கு ராக்கெட் வேண்டாம், 20 மி.மீ. கேனனே போதும். லாரி எரிந்தால் சாலை அடைபடும், பின்னால் வருவதெல்லாம் நிற்கும். தாக்குதல் அன்றைக்கு நின்றதற்கு ஜெர்மன் தளபதிகளே விமானங்களைக் காரணமாகச் சொன்னார்கள். நார்மண்டியில் ஜெர்மானியர் பகலில் சாலையில் போகவே அஞ்சினார்கள். காரின் மேல் ஓர் ஆள் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து வருவான். அவர்களுடைய ஃபீல்டு மார்ஷல் ரோம்மலே 1944 ஜூலை 17 அன்று காரில் போகும்போது விமானத் தாக்குதலில் படுகாயம் அடைந்தார், அதன் பிறகு போர்முனைக்குத் திரும்பவில்லை.

ஜூன் 10 அன்று லா கேன் என்ற ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எதிரியின் ரகசிய வானொலிச் செய்தியை உடைத்துப் படித்ததில், மேற்கு பான்சர் குழுவின் தலைமையகம் அங்கே ஒரு மாளிகையில் இருப்பது தெரிந்தது. 40 டைஃபூன்களும், கூடவே மிட்செல் குண்டுவீச்சு விமானங்களும் போயின. தளபதி கெய்ர் ஃபான் ஷ்வெப்பன்பர்க் காயமடைந்தார், அவருடைய தலைமை அதிகாரியும் இன்னும் பலரும் இறந்தனர், தலைமையகம் செயலிழந்தது. திட்டமிட்டிருந்த எதிர்த்தாக்குதல் நடக்கவில்லை. ஒரு டாங்கியும் கணக்கில் ஏறாத நாள் அது. என்னைக் கேட்டால் மோர்தானைவிடப் பெரிய வேலை.

மேலே பறப்பவனுக்கும் கீழே நிற்பவனுக்கும் நடுவே பேச்சு இருந்தபோது எல்லாமே மேம்பட்டது. தரைப்படையோடு ஒரு விமானியை வானொலியோடு அனுப்புவது, மேலே விமானங்கள் வட்டமிட்டுக் காத்திருப்பது, இலக்கின்மேல் சிவப்புப் புகைக் குண்டு போட்டுக் காட்டுவது என்று பிரிட்டிஷார் ஒரு வழிமுறை வைத்திருந்தார்கள். அமெரிக்க ஜெனரல் கெசாடா இன்னொரு படி போய், முன்னே செல்லும் டாங்கிக்குள்ளேயே விமானப்படை வானொலியை வைத்து விமானி ஒருவரையும் உட்கார வைத்தார். டாங்கிக்காரனின் கண்ணால் பார்க்கத் தெரிந்த விமானி பேசும்போது மேலே இருப்பவனுக்கு உடனே புரியும்.

இதற்கெல்லாம் கொடுத்த விலை பெரிது. நார்மண்டியில் நுவாயே-போகாஜ் என்ற இடத்தில் டைஃபூன் விமானிகளுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1944 கோடையில் அந்தப் போரில் இறந்த 151 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். உயரத்தில் அடிபட்டால் பாராசூட்டில் குதிக்க நேரம் இருக்கும். நூறு மீட்டர் உயரத்தில் அடிபட்டால் யோசிக்கவே நேரம் கிடையாது. நேச நாடுகள் நார்மண்டியில் படையிறங்குவதற்கு முன்பே கரையோர ரேடார் நிலையங்களை அடிக்கப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. காலையில் பிளக் செருகி அனுப்பிய விமானத்துக்கான இடம் மாலையில் காலியாக இருக்கும். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு நாளையும் விட்டுவிட முடியாது. 1945 மே 3. ஹிட்லர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. லூபெக் வளைகுடாவில் நின்ற காப் அர்கோனா, தீல்பெக் உள்ளிட்ட கப்பல்களை டைஃபூன்கள் ராக்கெட்டாலும் குண்டாலும் தாக்கி மூழ்கடித்தன. ஜெர்மன் படைகள் தப்பிப் போகிற கப்பல்கள் என்று விமானிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உள்ளே அடைக்கப்பட்டிருந்தவர்கள் நொய்யன்காம வதைமுகாமின் கைதிகள். ஏறத்தாழ 7,000 பேர் இறந்தார்கள். கைதிகள் இருப்பதாகச் செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து பிரிட்டிஷாருக்குத் தகவல் போயிருந்தது, விமானிகளை அது எட்டவில்லை. மறுநாள் மாலை அந்தப் பகுதியிலிருந்த ஜெர்மன் படைகள் சரணடையக் கையெழுத்திட்டன. ராக்கெட் மாட்டிய ஒருவனாக இந்த நாளைப் படிக்கும்போது கை நடுங்குகிறது. ஆயுதத்தை மாட்டுபவனுக்கும் தெரியாது, விடுபவனுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

சிட்னி காம் டைஃபூனுக்குப் பிறகு மெல்லிய இறக்கையோடு டெம்பெஸ்ட் செய்தார். பல வருடம் கழித்து அதே கை வரைந்ததுதான் நான் வேலை பார்த்த ஹண்டர். அதுவும் வானத்தில் மடக்குவதற்காகப் பிறந்து, கடைசியில் தரையைத் தாக்குவதில் பேர் வாங்கிய விமானம். விமானியின் இருக்கைக்கு அடியில் நான்கு 30 மி.மீ. ஏடன் துப்பாக்கிகள் ஒரே பெட்டியாக இருக்கும். வயிற்றுப் பக்கமாகப் பெட்டியை மொத்தமாக இறக்கி, தோட்டா நிரப்பித் தயாராக வைத்திருக்கும் இன்னொன்றை ஏற்றிவிடலாம். குழல்கள் மட்டும் விமானத்திலேயே இருக்கும். சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள் கீழே கொட்டிவிடும், அவற்றைக் கோத்திருந்த இணைப்புகள் பக்கத்துப் புடைப்புகளில் சேரும். சுட்டு வந்த விமானத்தின் வயிறு கரியும் எண்ணெயும் கலந்து வழுக்கும், அந்த நெடி கைகளை விட்டு லேசில் போகாது. விரல் நசுங்காமல் பெட்டி ஏற்றப் பழகுவதற்கே சில வாரங்கள் ஆகும்.

நான் படையில் சேர்ந்தபோது 71 போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மூத்தவர்கள் ராஜஸ்தான் பாலைவனத்திலுள்ள லோங்கேவாலாவைப் பற்றிப் பேசுவார்கள். 1971 டிசம்பர் 4 இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்பூரியின் கீழ் 23 பஞ்சாப் ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனி இருந்த காவல் நிலையைப் பாகிஸ்தான் டாங்கிகள் சூழ்ந்தன. ஜெய்சால்மரில் இருந்த ஹண்டர்களுக்கு இரவில் தாக்கும் வசதி இல்லை. விடியும் வரை காலாட்படை தனியாகத் தாக்குப்பிடித்தது. பொழுது புலர்ந்ததும் ஹண்டர்கள் வந்தன. மேஜர் ஆத்மா சிங் சிறிய கண்காணிப்பு விமானத்தில் மேலேயே பறந்து வழிகாட்டினார்.

மோர்தானில் நடக்காதது இங்கே ஏன் நடந்தது என்பது ஆயுதக்காரனுக்குச் சட்டென்று புரியும். மரம் இல்லை, வேலி இல்லை, மூடுபனி இல்லை, ஒளிய இடமே இல்லை. காலை வெயிலில் ஒவ்வொரு டாங்கியின் நிழலும் மணலில் நீளமாக விழுந்திருந்தது. பாகிஸ்தான் விமானங்கள் காக்க வரவில்லை. தரையிலிருந்து வந்த சூடும் நார்மண்டியின் பக்கத்தில் வைக்கக்கூடியது இல்லை. அதனால் விமானிகள் அவசரப்படாமல், ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, கிட்டே போய், ஒவ்வொரு டாங்கியாகக் குறிவைக்க முடிந்தது. டி-10 ராக்கெட் தீர்ந்த பிறகு 30 மி.மீ. தோட்டாவே டாங்கியின் மேல்தகட்டையும் பின்பக்கத்தையும் பதம் பார்த்தது. மேலிருந்து எடுத்த படங்களில், தப்பிக்க வழி தேடி டாங்கிகள் சுற்றிச் சுற்றி ஓடிய தடங்கள் மணலில் வளையம் வளையமாகத் தெரியும். முடிவில் 30க்கு மேற்பட்ட டாங்கிகள் அந்த மணலில் நின்றுபோயின. அதில் ஹண்டர் அடித்தவை, காலாட்படை அடித்தவை, மணலில் புதைந்து விட்டுவிட்டுப் போனவை எல்லாமே சேர்த்தி. அந்தப் படை காவல் நிலையைத் தாண்டவில்லை.